ஷென்சென் பெட்டியில் ஒரு பள்ளம்

அத்தியாயம் ஐந்து

“சனி ஞாயிறுக்குச் சீனாவுக்குக் கடைக்குப் போறது. பாதி நேரம் ஆகாயத்தில போயிடும், மிச்சப் பாதி குடிவரவு வரிசையில போயிடும். எப்ப அக்கா சாமான் வாங்குறது?” என்று கேட்டான் நகுலேஸ்வரன்.

மொன்றியலின் லாசால் பகுதியில் உள்ள அந்தக் கல்யாண அலங்காரக் கடையின் பின்பக்கத்தில், பூர்ணா சிமெந்துத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு பெரிய சிவப்புப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பாலித்தீன் போர்த்திய மணவறைத் தூண்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பிளாஸ்டிக் மல்லிகைச் சரங்கள் கூரையிலிருந்து கொத்துக் கொத்தாகத் தொங்கின. மணமக்கள் உட்காரும் தங்க நிறச் சோபா ஒன்று சுவரைப் பார்த்தபடி திருப்பிப் போடப்பட்டிருந்தது. கல்யாணச் சாமான்களுக்கு நடுவே இருந்தும் அந்த இடத்தில் மனசுக்கு ஒட்டாத ஒரு குளிர் இருந்தது.

பூர்ணா சென்னைக்காரி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மோசடி பிடிக்கும் வேலையில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது அதே ஊரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு பல் வைத்தியரின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். நகுலேஸ்வரன் அவளுக்குக் காரோட்டி, உதவியாள், யாழ்ப்பாணத் தமிழர் வீடுகளுக்கு வழிகாட்டி. முப்பத்தைந்து வயதாகியும் வாய் மட்டும் பள்ளிக்கூடத்திலேயே நின்றுவிட்டது.

கடைக்காரர் ஞானேந்திரன் அவர்கள் எதிரில் கைகட்டி நின்றார். நாற்பத்தைந்து வயது, மடிப்புக் கலையாத சட்டை, கோயில் நிர்வாக சபையில் பொறுப்பு. சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர் போல மெல்லப் பேசினார்.

“கலியாண சீசன் துவங்குது மேடம். புது லைட், பூ, பின்திரை எல்லாம் ஷென்சென்னில பாதி விலை. நேற்றுப் பார்த்த இடத்தில இண்டைக்குப் புதுக் கடைத் தொகுதி நிக்கும், அப்பிடி வளருற பட்டினம். அதுதான் நீண்ட வார இறுதியா வந்ததில மனிசியையும் என்ர தங்கச்சி தனுஷாவையும் அனுப்பினனான். செவ்வாய்க்கிழமை தனுஷா தனியாத் திரும்பி வாறாள், ரெண்டு பெட்டியோட.”

“உங்க மனைவி?”

“கடைத் தொகுதிக்குள்ள, பாத்ரூமுக்குப் போட்டு வாறனெண்டு போனவவாம். பேந்து வரேல்ல. எனக்கு ஒரு மெசேஜ் மட்டும் வந்தது.” தொலைபேசியை நீட்டினார். என்னைத் தேட வேண்டாம், பிள்ளையைப் பாத்துக்கொள்ளுங்கோ. அவ்வளவுதான்.

இன்று வெள்ளிக்கிழமை. பூர்ணா நிமிர்ந்து பார்த்தாள். “போலீசுக்குச் சொன்னீங்களா?”

“என்னெண்டு சொல்லுறது? மனிசி சீனாவில ஓடிட்டாள் எண்டோ? நாளைக்குக் கோயிலில தலை காட்டேலுமோ?”

இந்தப் பதிலைப் பூர்ணா எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறாள். ஆள் தொலைந்த முதல் நாட்கள்தான் கண்டுபிடிக்கத் தோதான நாட்கள். நம்மவர்கள் அந்த நாட்களை வெட்கத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

“எல்லாம் நான் கவனமாத்தான் வைச்சிருந்தனான்” என்று அவர் ஒரு இரும்பு மேசையின் இழுப்பறையைச் சாவி போட்டுத் திறந்து காட்டினார். நாலு வயது மகன் விதுர்சனின் பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், வைத்திய அட்டை, எல்லாம் தனித்தனி உறையில். “அவவின்ர பாஸ்போர்ட்டும் இங்க நிரந்தரமா இருக்கிறதுக்கான பிஆர் கார்டும் இதுக்குள்ளதான் இருந்தது. இந்தப் பயணத்துக்கெண்டு நானேதான் எடுத்துக் குடுத்தனான்.”

தன் வீட்டில் ஒரு பத்திரம் தேட அரை நாள் ஆகும் என்பது பூர்ணாவுக்கு நினைவு வந்தது. ஒழுங்கான மனிதர் என்று நினைத்துக்கொண்டாள்.

“பெட்டியை மேலோட்டமாத் திறந்து பாத்தனான். எனக்குச் சேர்ட். ஐயருக்குச் சால்வை. கடைப் பெடியங்களுக்கு ரீசேர்ட். பெத்த பிள்ளைக்கு ஒரு பொம்மைக் கார் கூட இல்லை மேடம்.” அவர் கண் கலங்கியது. “எப்பிடி மனம் வந்தது?”

முன்பக்கம் வாடிக்கையாளர் யாரோ மணியடித்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

நகுல் பெட்டியின் பக்கத்தில் குந்தினான். “பாவம் மனுசன். இப்ப திறப்பம் அக்கா. எங்கட ஆக்கள் அடுக்கின பெட்டியைத் திறக்கிறதெண்டால் கொஞ்சம் தள்ளி நிக்க வேணும். வெடிச்சுப் பறக்கும்.”

பெட்டி வெடிக்கவில்லை. மேல் வரிசையில் துணிகள், அதன் கீழே சுருட்டிய விளக்குச் சரங்கள், விளக்குகளின் இடுக்குகளில் உருட்டிச் செருகிய காலுறைகள், அந்தக் காலுறைகளுக்குள் தேயிலைப் பொட்டலங்கள். பிளாஸ்டிக் பூச்சாடியின் வயிற்றைக்கூடச் சும்மா விடாமல் சாந்துப் பொட்டு அட்டைகளைத் திணித்திருந்தார்கள்.

“பாத்தீங்களே? காத்துப் போக இடமில்லை. இதை அடுக்கினவ அசல் யாழ்ப்பாணம்.”

“அப்ப இது என்ன?” என்றாள் பூர்ணா.

அடித்தட்டில், ஒரு மூலையில், பள்ளம் ஒன்று இருந்தது. இரண்டு சப்பாத்துப் பெட்டிகள் உட்காரும் அளவு. சுற்றியிருந்த துணிகள் இன்னும் சுவர் போல நேராக நின்றன. பல் பிடுங்கிய இடம் மாதிரி இருந்தது.

நகுல் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். “சாத்தியமே இல்லை. அவ்வளவு இடத்தில எங்கட அம்மா ஒரு குடும்பத்தையே அடக்கிப்போடுவா.”

“அடுக்கும்போது பள்ளம் இல்ல. அப்புறமா எடுத்திருக்காங்க. எங்க வச்சு எடுத்தாங்க?” பூர்ணா பெட்டியின் கைப்பிடியைத் திருப்பினாள். விமான நிலையத்தில் சுற்றிய வெள்ளைப் பட்டி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஷென்சென் முதல் மொன்றியல் வரை. எடை இருபத்து மூன்று கிலோ. “உன்கிட்ட தராசு இருக்கா?”

“அக்கா, யாழ்ப்பாணத்தான்ர காரில மாத்து டயர் இல்லாமல் போகலாம். பெட்டி நிறுக்கிற தராசு இல்லாமல் போகாது.”

ஓடிப்போய் எடுத்து வந்தான். கைப்பிடியில் கொக்கியை மாட்டி, மூச்சைப் பிடித்துத் தூக்கினான். பத்தொன்பதுக்குக் கொஞ்சம் மேலே நின்றது.

“நாலு கிலோ மொன்றியலுக்கு வந்த பிறகு எடுத்தது” என்றாள் பூர்ணா. “இப்ப பட்டியில பேரைப் படி.”

நகுல் படித்தான். சிவாஜினி ஞானேந்திரன். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லக் கழன்றது.

“பெட்டியைப் போட்டவங்க விமானத்துல ஏறலைன்னா பெட்டியை இறக்கிடுவாங்க, நகுல். ஆள் இல்லாத பெட்டியைப் பறக்க விடமாட்டாங்க. சிவாஜினி சீனாவுல தொலையல. செவ்வாய்க்கிழமை இந்த ஊர்ல வந்து இறங்கியிருக்காங்க.”

“அப்ப தனுஷா அக்கா பொய் சொல்லுறா.”

“ரெண்டு பொண்ணுங்க இறங்கினாங்க. ஒருத்தி வீட்டுக்குப் போனா, ரெண்டு பேர் பெட்டியையும் எடுத்துக்கிட்டு. இன்னொருத்தி எங்க?” பூர்ணா எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டாள். அந்தப் பள்ளத்தைத் திரும்பிப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. “தனுஷா வீடு எங்க?”

“புரோசார்ட். ஆத்துக்கு அங்கால.”

பாலத்துக்கு வரும் வழியெல்லாம் வீதி திருத்தும் வேலைக்கு வைத்த செம்மஞ்சள் கூம்புகள். மே மாதத்து வெயில் ஆற்றின் மேல் சும்மா அழகாகக் கிடந்தது.

“இந்தக் கூம்புகளுக்கு வாக்குரிமை குடுத்தால் அடுத்த மேயர் ஒரு கூம்புதான்” என்றான் நகுல். அவனுக்கே அது சப்பென்று இருந்திருக்க வேண்டும். உடனே, “அக்கா, அவ உயிரோட இருப்பாவோ?” என்று கேட்டான்.

“தெரியல.”

தொலைபேசி ஒலித்தது. ஞானேந்திரன். கட்சிக்காரரிடம் தெரிந்ததை மறைக்கக் கூடாது என்பது பூர்ணா வேலை தொடங்கிய நாளிலிருந்து வைத்திருந்த விதி. இந்த வேளையில் ஒரு கணவனின் நெஞ்சு என்ன பாடுபடும் என்று நினைத்து, எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னாள்.

“சார், உங்க மனைவி சீனாவுல இல்ல. செவ்வாய்க்கிழமையே மொன்றியல்ல இறங்கியிருக்காங்க. மத்தது விசாரிச்சுட்டுச் சொல்றேன்.”

அந்தப் பக்கம் அதே மெல்லிய குரல் கேட்டது.

“அப்ப பாஸ்போர்ட் அவளிட்டைத்தான் இருக்கோ?”

“இருக்கணும் சார்.”

“சரி மேடம்.” வைத்துவிட்டார்.

ஏதோ ஒன்று முள்ளாகக் குத்தியது. என்னவென்று பார்ப்பதற்குள் ஒரு லாரி பக்கத்தில் வந்து ஹாரன் அடித்தது, நகுல் அதற்குப் பிரெஞ்சில் மறுமொழி சொன்னான், வீடு வந்துவிட்டது.

தனுஷா கதவைச் சங்கிலி போட்டபடி கொஞ்சமாகத் திறந்தாள். கண்ணுக்குக் கீழே கருமை. தூங்கி நாளாகியிருக்கும்.

“அண்ணை அனுப்பின ஆக்களோ? சொல்ல வேண்டியதெல்லாம் அவருக்குச் சொல்லிப்போட்டன்.”

“எங்களுக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ அக்கா” என்றான் நகுல். “கதை நல்லாயிருக்குமெண்டு கேள்வி.”

சங்கிலி விழுந்தது. கதவு திறந்தது. வாசலுக்கு உட்புறம் நின்றபடியே தனுஷா சொன்னாள். கடைத் தொகுதி, பாத்ரூம், மெசேஜ். ஒரு சொல்லும் மாறவில்லை. மனப்பாடம் செய்த பிள்ளை போல ஒப்பித்தாள்.

“பெட்டியில ஒரு பள்ளம் இருக்கு” என்றாள் பூர்ணா. “அதுல என்ன இருந்துச்சு?”

“எனக்குத் தெரியாது.”

“உங்க அண்ணி ஏறாம அவங்க பெட்டி வராதுங்க. அது தெரியுமா?”

தனுஷாவின் கை கதவு விளிம்பைப் பிடித்தது. அந்தக் கை போன இடத்தைப் பார்த்த பூர்ணாவின் கண், அதற்குக் கீழே சப்பாத்துகள் வைக்கும் தட்டில் நின்றது. பெரிய பையன்களின் விளையாட்டுச் சப்பாத்துகள், மூன்று ஜோடி. அவற்றின் ஓரத்தில் இரண்டு மஞ்சள் மழைச் சப்பாத்துகள், நாலு வயதுக் காலுக்கு. அடியில் சீன எழுத்துச் சீட்டு இன்னும் கிழிக்கப்படவில்லை. மூக்கு வெளியே பார்க்க, கால் வந்தால் நேராக நுழையும்படி, ஜோடி சேர்த்து வைத்திருந்தது.

கொன்றவள் எடுத்ததை ஒளிப்பாள், எரிப்பாள், குப்பையில் போடுவாள். இப்படி ஒரு பிள்ளையின் காலுக்காகக் காத்திருக்க வைக்க மாட்டாள்.

அந்தக் கணத்தில் முள் குத்திய இடம் பூர்ணாவுக்குத் தெரிந்தது. மனைவி இதே ஊரில் இருக்கிறாள் என்று கேட்டதும் அந்த மனிதர், உயிரோடு இருக்கிறாளா என்று கேட்கவில்லை. நலமா என்று கேட்கவில்லை. பாஸ்போர்ட்டைத்தான் கேட்டார்.

சாவி போட்ட இழுப்பறை. தனித்தனி உறைகள். ஒழுங்கான மனிதர்.

“அவங்க இங்கதான் இருக்காங்க, இல்லையா?” என்றாள்.

தனுஷா, “அண்ணைக்குச் சொல்லிப்போட்டீங்களோ?” என்று கேட்டாள்.

“சொல்லிட்டேன். கால் மணி நேரம் முன்னாடி.”

தனுஷா படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கீழ்த்தளத்துக் கதவு திறந்தது. சிவாஜினி மேலே ஏறி வந்தாள். மெலிந்த உடம்பு. இந்த வெயிலிலும் மணிக்கட்டு வரை மூடிய கம்பளிச் சட்டை. கைப்பிடியைப் பிடித்து ஏறிய இடது கையில் இரண்டு விரல்கள் கோணலாகப் பொருந்தியிருந்தன. பூர்ணா அந்த விரல்களைப் பார்ப்பதைக் கண்டு, சட்டைக் கையை இழுத்து மூடினாள்.

“கார்க் கதவு” என்றாள். “தன்ரபாட்டில மூடுப்பட்டதெண்டு ஆசுப்பத்திரியில நான்தான் சொன்னனான்.”

தனுஷாதான் தரையைப் பார்த்தபடி தொடர்ந்தாள். “எங்கட அப்பாவும் இப்பிடித்தான். சத்தம் போடமாட்டார். வெளியில ஆருக்கும் தெரியாது. அம்மாவுக்கு ஒருத்தரும் ஒரு வழி செய்து குடுக்கேல்ல. அண்ணை எனக்குக் கூடப்பிறந்தவர்தான். ஆனால் இன்னொருக்கா நான் கதவுக்கு அங்கால நிண்டு கேட்டுக்கொண்டிருக்க மாட்டன்.”

“அப்ப சீனா?” என்றான் நகுல். கேட்கும்போதே பதில் அவன் முகத்தில் வந்துவிட்டது.

“பாஸ்போர்ட், பிஆர் கார்ட்” என்றாள் சிவாஜினி. “கலியாணம் கட்டி வந்த நாளில இருந்து ஒண்டும் என்ர கையில தரேல்ல. தெருமூலைத் தெப்பனேர்க் கடையில பால் வாங்கப் போறதெண்டாலும் கேட்டுத்தான் போக வேணும். கடைச் சாமானெண்டால் மட்டும் நம்புவார். ஒரு சனி ஞாயிறு ஷென்சென் போய் வந்தால் லாபமெண்டு தனுதான் அவருக்குச் சொல்லிச் சொல்லி ஏத்தினவள். என்ர பேர் எழுதின ரெண்டு மட்டைக்காக உலகத்தின்ர மற்றப் பக்கம் போய் வந்தனான்.”

அங்கே என்ன பார்த்தாய் என்று யாரும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். “பெரிய பட்டினம். வானம் முட்ட லைட். அவர் சொன்ன பூ, அவர் சொன்ன திரை, எல்லாம் நிறம் பாத்து வாங்கினன். குறைஞ்சால் சந்தேகப்படுவார். கடைசி நாள்தான் பிள்ளைக்கு வாங்கினன். பாரத்தைப் பாத்துப் பாத்து.”

மீதியைத் தனுஷா சொன்னாள். பெண்கள் அடைக்கலம் தேடிப் போகும் ஒரு இல்லத்தில் தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்து இன்று மாலைதான் இடம் கிடைக்கிறது. அதுவரை அவர் சிவாஜினியைச் சீனாவில் தேடிக்கொண்டிருக்க வேண்டும். விதுர்சன் இப்போது கார்டெரியில் இருக்கிறான். அந்தக் குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளையை எடுக்க வரக்கூடியவர்கள் என்று தகப்பன் பெயரும் அத்தை பெயரும் மட்டும்தான் எழுதிக் கொடுத்திருக்கிறது. மூன்று மணிக்குத் தனுஷா போய் எடுப்பதாக ஏற்பாடு.

“பிள்ளையின்ர சாமானை எடுத்தனீங்கள் சரி” என்றான் நகுல், தாங்க முடியாமல். “அந்த இடத்தை ஒரு துவாயால அடைச்சிருக்கலாமே அக்கா.”

“கை நடுங்கினது தம்பி” என்றாள் தனுஷா.

பூர்ணா ஏற்கனவே ஞானேந்திரனின் எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். ஒரே மணியில் எடுத்தார். பின்னணியில் கார் ஓடும் சத்தம்.

“சார், எங்க இருக்கீங்க?”

“கார்டெரிக்குப் போய்க்கொண்டிருக்கிறன். பிள்ளை என்னோட இருக்கட்டும். அவன் என்னோட இருந்தால் அவள் தானா வருவாள்.” அதே பணிவு. அதே மென்மை.

“நான் சொன்னது தப்பு சார். தனுஷாகிட்ட பேசிட்டேன். பெட்டியை அவங்க பேர்ல போட்டிருக்காங்க, ஆனா கடைசி நேரத்துல அவங்க ஏறல. இன்னும் ஷென்சென்லதான் இருக்காங்க. ஹோட்டல் பேர் கிடைச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில அங்கேருந்து கிளம்பிடுவாங்க போல.”

“பாஸ்போர்ட்?”

“அவங்ககிட்டத்தான். உங்ககிட்ட சீன விசா இருக்கா?”

“கடை அலுவலுக்கு எடுத்தது இருக்கு.” கார் வேகம் குறைவது கேட்டது. “பிள்ளையையும் கொண்டுபோறன். பிள்ளையைக் கண்டால் மறுக்க மாட்டாள்.”

சிவாஜினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கூட்டிட்டுப் போக முடியாது சார்” என்றாள் பூர்ணா, பயணச் சீட்டு விற்கிறவள் போல அலுப்பான குரலில். “அம்மா கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் கேப்பாங்க. கவுன்டர்லயே நிறுத்தி வச்சுக் கேள்வி மேல கேள்வி கேப்பாங்க. போலீஸ் வரும். உங்களுக்கு அது வேணாம்.”

போலீஸ் என்ற சொல் வேலை செய்தது. பதில் வரும் வரை பூர்ணா வேறெதையும் பார்க்காமல் அந்த மஞ்சள் சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி மேடம். ஹோட்டல் பேரை அனுப்புங்கோ. நான் ஏர்போர்ட்டுக்குப் போறன்.” வைத்துவிட்டார்.

நகுல் மூச்சு விட்டான். அடுத்த நொடியில் தனுஷாவின் கையிலிருந்த தொலைபேசி அதிர்ந்தது. திரையில் அண்ணை என்று வந்தது. அவள் அதைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு எடுத்தாள்.

“ஓம் அண்ணை… ஓம்… இல்லை, வீட்டிலதான். ஓம், நான் எடுக்கிறன். நீங்கள் கார்டெரிக்கும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ… ஓம், சாப்பாடு குடுப்பன். நீங்கள் கவனமாப் போட்டு வாங்கோ.”

வைத்ததும் அவள் அழுதாள். அண்ணனுக்காகவா, அண்ணிக்காகவா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அழுதபடியே மழைச் சப்பாத்துகளை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு கார்ச் சாவியைத் தேடினாள்.

ஊர் பேர் தெரியாத ஒரு ஹோட்டலைத் தேடிப் பிடித்து, அதன் பெயரைப் பூர்ணா ஞானேந்திரனுக்கு அனுப்பினாள். அவர் போவார். அங்கே யாரும் இல்லை என்று காண்பார். திரும்பி வருவார். அவருக்கும் ஒரு சனி ஞாயிறு. அதற்குப் பிறகு அவர் முதலில் தேடப்போவது யாரை என்பது அவளுக்குத் தெரியும். பல் வைத்தியரின் மாடிப்படி ஒன்றும் ரகசியமானதல்ல. கட்சிக்காரரிடம் பொய் சொன்னது இதுதான் முதல் தடவை. வருத்தம் வரவில்லை. வரும் வழியில் உண்மை சொன்னதற்குத்தான் வருந்தினாள்.

கீழ்த்தளத்தில் சிவாஜினி ஒரு சின்னப் பையில் அடுக்கத் தொடங்கினாள். தனக்கு இரண்டு உடுப்பு. மீதியெல்லாம் நாலு வயதுச் சட்டைகள், ஒரு பொம்மைக் கார், ஷென்சென் கடை ஒன்றின் உறைக்குள் மழைக் கோட்டு. கோணல் விரல்களால் மடிப்பது சிரமமாக இருந்தது. நகுல் பக்கத்தில் மண்டியிட்டு உதவி செய்தான். காலுறைகளை உருட்டிச் சந்துகளில் செருகினான். கடைசியாக மேல் மூலையில் ஓரிடம் வெறுமையாகக் கிடந்தது. அங்கே ஒரு துவாயைத் திணிக்கப் போனான்.

“அதை அடைக்காதேங்கோ தம்பி” என்றாள் சிவாஜினி. “அவன்ர கரடிக்குட்டிப் பொம்மை அந்த வீட்டுக் கட்டிலில கிடக்கு. அது இல்லாமல் நித்திரை கொள்ள மாட்டான்.”

நகுல் தலை நிமிர்ந்து பூர்ணாவைப் பார்த்தான். அந்த வீட்டுச் சாவி ஞானேந்திரனின் சட்டைப் பையில், விமான நிலையம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

“எடுக்க ஏலாதெண்டு எனக்குத் தெரியும்” என்றாள் சிவாஜினி. “இடம் மட்டும் இருக்கட்டும்.”

நகுல் துவாயை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். பூர்ணா குனிந்து, அந்தப் பள்ளம் அமுங்காமல், பையின் ஜிப்பை மெல்ல இழுத்து மூடினாள்.